வாப்பா வெட்டிய கீழறை

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்பிள்ளை கலியாணம் முடித்தால் ஒரு சூட்கேசைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய்விடுவான். பெண்பிள்ளை கலியாணம் முடித்தால், அவளைப் பெற்றவர்கள் இருக்கிற வீட்டை அவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். வெளியே என்றால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. முந்தி வளவுகள் பெரிதாக இருந்தன. பின்பக்கத்தில் இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். என் காலத்துச் சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் அடுத்த வீட்டுக் குசினிக்குள் விழுகிற அளவுக்கு வளவுகள் சுருங்கிவிட்டன. வழக்கம் மட்டும் சுருங்கவில்லை.

எங்கள் வளவுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. குசினிக் கதவைத் திறந்தால் கிணறு, கிணற்றைச் சுற்றிப் போனால் அடுத்த வீட்டு மதில். அந்தத் துண்டுக் காணிக்குள் இருந்துகொண்டு வாப்பா இரண்டு பெண்பிள்ளைகளைப் பெற்றுவைத்திருந்தார். ராத்தா மூத்தவ, நான் அவவுக்குப் பிறகு நெடுநாள் கழித்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் வந்து சேர்ந்தவள். ராத்தாவுக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கிய வருடம் எனக்கு ஒன்பது வயது.

வாப்பா கட்டாரில் பல காலம் கட்டட வேலை செய்தவர். அங்கே பெரிய கட்டடங்களுக்கு மேலே மாடி ஏறுவது போலவே நிலத்துக்குக் கீழேயும் மாடி இறங்கும் என்று கதை கதையாகச் சொல்வார். கீழே கார் நிற்குமாம், சாமான் கிடக்குமாம், வேலைக்காரர்கள் குடியிருப்பார்களாம். அவரும் அப்படியொரு கீழறையில்தான் இரண்டு வருடம் படுத்தெழும்பினாராம். ஒரு சொட்டு ஈரம் கிடையாதாம். "அங்கயும் மணல்தான், இஞ்சயும் மணல்தான்" என்று அடித்துச் சொல்வார். அந்த மணலுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம், இந்த மணலுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்றுதான் இப்போது எனக்குப் படுகிறது.

கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிற எல்லோரும் அத்திவாரத்தை இடுப்பளவுக்கு உயர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வாப்பா ஒருத்தர்தான் கீழே இறங்கினார். கச்சான் காற்று வீசும் மாதங்களில், கிணறெல்லாம் அடிவற்றிக் கிடக்கும்போது, பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தோண்டத் தொடங்கினார். நாவிதன்வெளிப் பக்கத்தில் அவருடைய வாப்பா விட்டுப்போன வயலை விற்ற காசு முழுவதும் அந்தக் குழிக்குள்தான் இறங்கியது. தெருவால் போகிறவர்கள் எட்டிப் பார்த்து, "என்ன நாநா, கபுறு இவ்வளவு பெருசா இரிக்கி? குடும்பத்தோட போற யோசனையா?" என்று பகிடி விட்டார்கள். வாப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

பாதி நிலத்துக்குள்ளும் பாதி நிலத்துக்கு மேலுமாகக் கீழறை எழுந்தது. அதன் மேலே கொங்கிறீட் தட்டுப் போட்டு, அதற்கு மேல் ஹோலும் இரண்டு அறையும் விறாந்தையுமாக ராத்தாவின் வீடு. கீழறைக்குப் போகும் படி குசினிக்குள் இருந்தது. கேட்டவர்களுக்கெல்லாம் வாப்பா ஒரே பதிலைத்தான் சொன்னார்: அது நெல் மூட்டை அடுக்குகிற இடம். எனக்கும் அதைத்தான் சொன்னார், நானும் நம்பினேன். வயலை விற்றுப்போட்டு நெல்லுக்கு அறை கட்டுகிறாரே என்று கேட்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை.

உண்மையில் அந்த அறை எங்களுக்கு. மேலே ராத்தாவும் மாப்பிள்ளையும், கீழே வாப்பாவும் உம்மாவும் நானும். வெளியே தெரிந்தால் காரியம் கெட்டுவிடும், அதனால்தான் நெல் என்றார். மாமன் மாமி உள்ளுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்றால் எங்கள் ஊரில் அது கொடுத்த வீடு ஆகாது, அரை வீடு. அரை வீட்டுக்கு நல்ல மாப்பிள்ளை வரமாட்டான். கலியாணம் முடிந்து, மாப்பிள்ளை மனம் ஒத்துப்போன பிறகு மெல்லக் கீழே குடியேறிவிடலாம், அதற்குப் பிறகு யார் எழுப்பப் போகிறார்கள் என்பது வாப்பாவின் கணக்கு. கீழறைச் சுவருக்கு இளம்பச்சைப் பூச்சு அடித்தார். நடுவில் ஒரு விசிறியும் பூட்டினார்.

அக்கரைப்பற்றில் இருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அரசாங்க உத்தியோகம். பொண்ணைப் பிடித்துவிட்டது, இனி வீட்டைப் பார்ப்பதுதான் பாக்கி. ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிகளும் வருவதாக ஏற்பாடு.

அந்த வருடத்து மாரி அதற்கு முந்தியே தொடங்கிவிட்டது. முதலில் கீழறையின் நிலம் வேர்த்தது. பிறகு மூலைகளில் தண்ணீர் ஊறியது. உம்மா வாப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் பழைய சாரன் துண்டுகளால் தினமும் ஒற்றி எடுத்துப் பிழிந்துகொண்டிருந்தா. வீடு கட்டின மனிசனின் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று தயங்கியிருப்பா போல. வியாழன் இரவு மழை விடவே இல்லை. வெள்ளிக்கிழமை விடிய சுபஹு தொழுதுவிட்டு வாப்பா படியிறங்கிப் போனார். முழங்காலளவு தண்ணீர் நின்றது. ஓட்டையும் இல்லை, வெடிப்பும் இல்லை. கீழே இருந்து, சுவரில் இருந்து, எல்லா இடத்தில் இருந்தும் சத்தமில்லாமல் வந்திருந்தது. இரண்டு தவளைகளும் உள்ளே வந்திருந்தன. எனக்கு ஒரே சந்தோசம்.

மாமாவுக்கு ஆள் போனது. மாமா உம்மாவின் காக்கா, அவவுக்கு மூத்தவர், வயல்காரர், வாய் கொஞ்சம் அதிகம். அவரிடம் வயலுக்கு நீர் இறைக்கிற மெசின் இருந்தது. ஆனால் அதைப் பூட்டினால் மூன்று தெருவுக்குச் சத்தம் கேட்கும், கேட்டவன் வந்து பார்ப்பான், பார்த்தவன் சொல்வான், மாப்பிள்ளை வீட்டார் வேனில் ஏறுவதற்கு முந்தி செய்தி அக்கரைப்பற்றுக்குப் போய்விடும். "மெசின் வாணாம், கையால அள்ளுவம்" என்றார் வாப்பா.

மாமா கீழே நின்று அள்ளிக் கொடுக்க, வாப்பா படியில் நின்று வாங்கிக் கொடுக்க, உம்மா குசினி வாசலில் வாங்கிக் கிணற்றடியில் ஊற்றினா. நானும் ஒரு பெயின்ட் வாளியோடு ஓடித் திரிந்தேன். பொழுது ஏறிக்கொண்டே போனது, தண்ணீர் இறங்கவில்லை. உம்மா வாளியை வைத்துவிட்டுக் கிணற்றடி மணலைக் குனிந்து பார்த்தா. ஊற்றின தண்ணீர் மணலில் ஒரு நுரையை விட்டுவிட்டு உடனே காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"இஞ்சாருங்க, நாம இஞ்ச ஊத்துற தண்ணிதான் மறுகா உள்ளுக்கு வருது."

"மணல்ல தண்ணி நேராக் கீழதான் போகும், பக்கத்தால வராது" என்றார் வாப்பா, கட்டாரில் படித்துவந்த மாதிரி.

கீழே இருந்து மாமா வாய்விட்டுச் சிரித்தார். காலையில் இருந்து நாங்கள் ஒரே தண்ணீரைத்தான் அள்ளிக்கொண்டிருந்தோம்.

தெருவோரத்துக் கழிவுநீர்க் கானுக்குக் கொண்டுபோய் ஊற்றினால் திரும்பி வராது. ஆனால் தெரு பார்த்துவிடும். எங்கள் தெருவில் ஆண்களே இல்லாத நேரம் வாரத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஜும்ஆவுக்கு பாங்கு சொன்னதும் வாப்பாவும் மாமாவும் குளித்து உடுத்துப் பள்ளிக்குப் போனார்கள். உம்மாவும் ராத்தாவும் தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். பின்னேரம் சாரி கட்டிக்கொண்டு தலை குனிந்து நிற்க வேண்டிய பொண்ணு, குத்பா ஓதி முடிகிற மட்டும் கானுக்கு வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தா. அவவுடைய கை அப்படிச் சிவந்து கிடந்ததை நான் அதற்கு முந்தி கண்டதில்லை.

நடுவில் ஒரு தடவை ராத்தா வாளியைப் படியில் வைத்துவிட்டுக் கேட்டா. "இதுக்குள்ள நீங்க எப்பிடி இரிக்கப் போறீங்கம்மா? இவளுக்கு இளைப்பு வேற."

"வாய மூடிக்கிட்டு அள்ளுகா" என்றா உம்மா.

எனக்கு ஈரம் பட்டால் மூச்சு இளைப்பு வருவது உண்மை. தண்ணீருக்குள் நிற்கிறேன் என்பதற்காக ராத்தா கவலைப்படுகிறா என்று நினைத்து, எனக்கு ஒன்றும் செய்யாது என்று காட்டக் கைகால் அடித்துத் தண்ணீரைத் தெறிக்கவிட்டேன். இருவரும் என்னை ஏசவில்லை. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது.

ஜும்ஆ முடியும்போது தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது. அள்ளுவதை விட்டால் ஏறிவிடும் என்பதால் மாமாவைக் கீழேயே விட்டுவைப்பது என்று முடிவானது. சத்தம் போடாமல், மெல்ல மெல்ல அள்ளி இரண்டு பெரிய பிளாஸ்டிக் பீப்பாய்களில் நிரப்பவேண்டும். வந்தவர்கள் கீழே பார்க்கவேண்டும் என்றால் வாப்பா இருமுவார், மாமா ஒளிந்துகொள்வார். அந்த அறையில் ஒளிவதற்கு ஒரு மூலையும் இல்லை என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை. வாளிச் சத்தம் மேலே கேட்காமலிருக்க டீவியை உரக்க வைத்தார்கள், ஹோல் விசிறியை முழு வேகத்தில் விட்டார்கள், வாப்பா தன் குரலையும் உயர்த்திக்கொண்டார்.

மாப்பிள்ளையின் உம்மா பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவ. மெலிந்த, அதிகம் கதைக்காத மனிசி. சுவரை விரல்கணுவால் தட்டிப் பார்த்தா, யன்னலைத் திறந்து மூடிப் பார்த்தா. குசினிப் படியைக் கண்டு கேட்டதற்கு, கீழே நெல் மூட்டை அடுக்குகிற இடம் என்றார் வாப்பா. வாப்பா கட்டாரின் வெயில், கட்டாரின் சீமெந்து, கட்டாரின் சாப்பாடு என்று தொண்டை கிழியக் கதைத்தார். வந்த பெண்கள் வட்டிலப்பத்தைத் தின்றுகொண்டே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இவருக்குக் காது மந்தமாக்கும் என்று நினைத்திருக்க வேண்டும், அவர்களும் உரக்கப் பதில் சொன்னார்கள். வீடு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது.

"எல்லாம் சரி தம்பி. நீங்க எங்க இரிக்கப் போறீங்க?" என்று அந்த உம்மா கேட்டா.

"எங்களுக்கு இடம் இரிக்கி" என்றார் வாப்பா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்கு இன்னொரு வீடு இருக்கிறது, அதை எனக்குச் சொல்லாமல் வைத்திருக்கிறார்கள்! பெரிய தெருப் பக்கமாக இருக்கும், மாடியும் இருக்கும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துகொண்டேன்.

அப்போது அஸருக்கு பாங்கு சொன்னது.

எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், இதை மட்டும் யோசிக்கவில்லை. பாங்கு சொன்னால் டீவியை நிற்பாட்டத்தானே வேண்டும். அந்த உம்மா கிணற்றடியில் முகம் கைகால் கழுவி வுளூச் செய்துவிட்டு வந்து, "இஞ்சயே தொழுதிட்டுப் போறன்" என்று சொன்னா. ஹோலின் நடுவில் முஸல்லா விரிக்கப்பட்டது. தலைத்துணி பறக்கிறது என்று விசிறியையும் நிற்பாட்டினார்கள். தொழுகிற ஆளுக்கு முன்னால் யார் கதைக்கப் போகிறார்கள்? வீடு முழுவதும் அடங்கிப்போனது.

கீழே நின்ற மாமா அந்த அமைதியைக் கவனித்தார். வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று நினைத்தார். அதுவரைக்கும் பூனை மாதிரி அள்ளிக்கொண்டிருந்தவர் இப்போது முதுகை நிமிர்த்தி, வாளியை ஓங்கி வீசி அள்ளத் தொடங்கினார். சளார், சளார் என்று தட்டுக்குக் கீழே கேட்டது. அந்த உம்மா சுஜூதில் இருந்தா. நெற்றி நிலத்தில் பட்டு, காதும் நிலத்துக்குக் கிட்ட இருக்கிற நேரம். வாளிச் சத்தத்தோடு மாமாவின் குரலும் சேர்ந்து வந்தது.

"பொண்டாட்டி புள்ளையோட இந்தத் தண்ணிக்குள்ள கிடக்கப் போறானாம். பைத்தியக்காரன்!"

மாமா வாப்பாவைப் பைத்தியக்காரன் என்பது எங்கள் வீட்டில் புதிய விசயம் அல்ல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருமினாலும் அந்தச் சளாருக்குள் கீழே கேட்காது, குசினிப் பக்கம் போகவும் முடியாது, தொழுகிற ஆளுக்குக் குறுக்கே போகவேண்டும். அப்படி ஒரு நீண்ட அஸர் தொழுகையை நான் அதற்குப் பிறகு காணவில்லை. அந்த உம்மா ஒன்றையும் குறைக்கவில்லை. ஸலாம் கொடுத்து, தஸ்பீஹ் ஓதி, துஆக் கேட்டு, முஸல்லாவை மடித்து வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தா.

"தம்பி, கீழ ஆரோ தண்ணி அள்ளுறாங்க."

"கிணத்தடியில ஆரும் குளிப்பாங்க" என்றார் வாப்பா.

"கிணறு அந்தப் பக்கம். சத்தம் நான் சுஜூது போன எடத்துக்குக் கீழ."

பிறகு அவவே குசினிக்குப் போய், பர்தாவைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு படியிறங்கினா. மாமா சாரனைத் தொடைக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நின்றார். ஒளியவும் இல்லை, வாளியைக் கீழே வைக்கவும் இல்லை. பதறிப்போய் வாளியோடேயே ஸலாம் சொன்னார். அந்த உம்மா பதில் ஸலாம் சொல்லிவிட்டு, பச்சைச் சுவரைப் பார்த்தா, மேலே விசிறியைப் பார்த்தா, திரும்பி ஏறி வந்தா.

"நெல்லுக்கு ஆரு தம்பி விசிறி பூட்டுற?"

வாப்பாவின் குரல் அவர்கள் வந்த பிறகு முதல் தடவையாகச் சாதாரண உயரத்துக்கு இறங்கியது. "புள்ளைக்கு வேர்க்கும் எண்டுதான்" என்றார்.

அந்த மனிசி கத்தவில்லை, குத்திக் கதைக்கவும் இல்லை. பொண்ணில் குறை இல்லை என்றா. ஒரு வீட்டுக்குள் இரண்டு அடுப்பு எரிந்தால் நாளைக்குச் சொல்லுக்கு இடம் வரும், மகன் கூச்சக்காரன் என்றா. "தண்ணி நிண்டா அத்திவாரத்துக்கும் கூடாது. மண்ணப் போட்டு மூடிருங்க தம்பி. மூடின பொறகு நாளக் குறிப்பம்." போகும்போது உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டா. "நானும் மூணு பொண்ணக் குடுத்துப்போட்டு வெளிய வந்தவதான், தங்கச்சி. மூத்தவட குசினியோட ஒரு சாய்ப்பு இறக்கி அதுக்குள்ளதான் கிடக்கன்." ஆறுதலுக்குத்தான் சொல்லியிருப்பா. தானே ஒரு சாய்ப்புக்குள் கிடக்கிறவ எங்களை அதைவிடக் கீழே தள்ளிவிட்டுப் போனாவே என்று எனக்கு இன்றைக்கும் மனம் கொதிக்கிறது. அவவும் வேறு என்ன செய்வா, மகனுக்குச் சேரவேண்டியதைக் கேட்டா என்று உம்மா சொல்வா. உம்மாவுக்குக் கோபம் வருவதே இல்லை.

ராத்தா "எனக்கு இந்தக் கலியாணம் வாணாம்" என்று அன்றைக்கு இரவுச் சோறு தின்னாமல் அழுதா. உம்மா அவவின் வாயைக் கையால் பொத்தினா. ராத்தாவைக் கட்டின மச்சான் நல்ல மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும். பெருநாளைக்குப் பெருநாள் எங்களுக்கு உடுப்பு எடுத்துவருவார். நாங்கள் எந்த வாடகை வீட்டில் இருக்கிறோம் என்று விசாரித்து விசாரித்து அங்கே வருவார். அப்படியொரு வாடகை வீட்டில்தான் வாப்பா கண்மூடி மௌத்தானார். ஜனாஸாவை வைக்கிறதற்கு வீட்டுச் சொந்தக்காரரிடம் உத்தரவு கேட்க வேண்டியிருந்தது. எனக்கு வந்த சம்பந்தங்கள் எல்லாம் "பொண்ணுக்கு வீடு எங்க இரிக்கி?" என்ற இடத்தில் நின்றுபோயின. இப்போது யாரும் வருவதில்லை. நான் படிப்பிக்கிறேன், உம்மாவை வைத்துப் பார்க்கிறேன், வருடத்துக்கு ஒரு தடவை சாமான் கட்டுகிறேன்.

ஆனால் அந்த மண் வந்த நாளில் இவை ஒன்றும் எனக்குத் தெரியாது. மழை ஓய்ந்திருந்த ஒரு காலை ட்ரெக்டர் பெட்டி நிறைய ஆற்றுமண்ணைக் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்தது. தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூடிவிட்டார்கள். கீழறையின் யன்னல்கள் நிலத்தோடு ஒட்டி இருந்தன; அவற்றின் வழியாக மண்ணை உள்ளே தள்ளினார்கள். நாங்கள் மண்ணோடு மண்ணாகச் சறுக்கிக்கொண்டு உள்ளே விழுந்தோம். தண்ணீர் முதலில் கலங்கி மேலே வந்தது, பிறகு மண் அதைக் குடித்துவிட்டது. வாப்பா விசிறியைக் கழற்றி எடுத்தார். மண் உயர உயர அவர் முதலில் தலையைக் குனிந்தார், பிறகு இடுப்பை மடித்தார், பிறகு முழங்காலில் நின்று பலகையால் மண்ணை மூலைகளுக்குத் தள்ளினார். கடைசியில் அந்த அறைக்குள் நிமிர்ந்து நிற்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான்.

"மிதி மகள்" என்றார் வாப்பா. "நல்லா இறுகணும், மிதி."

நான் குதித்தேன். மூலை மூலையாக ஓடிக் குதித்தேன். இத்தனை பெரியவர்களால் முடியாத வேலையை எனக்குத் தந்திருக்கிறார்கள் என்ற பெருமை எனக்குப் பிடிபடவில்லை. தலைக்கு மேலே கொங்கிறீட் இடிக்காமல் எவ்வளவு உயரம் குதிக்கலாம் என்று பார்த்தேன். வாப்பா யன்னல் வழியாக வெளியே போய், அங்கிருந்து குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். உம்மா குசினிப் படியில் வந்து நின்றா. நான் மிதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தா, பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு திரும்பிப் போய்விட்டா. சட்டையெல்லாம் மண்ணாக்குகிறேன் என்று கோபம் போல என்று நினைத்தேன். எப்படியும் ஏச்சு விழத்தான் போகிறது, அதற்குள் முடித்துவிடுவோம் என்று இன்னும் ஓங்கி மிதித்தேன்.